நான்காம் பாகம், திங்கட்கிழமை

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு, பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
ஒற்றைத் திரை. இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கை.
வெள்ளிக்கிழமை இரண்டு காட்சியும் நிறைந்தன.
பூபாலன் கோவெண்டர் என் தோளைத் தட்டி
தமக்குத் தெரிந்த ஏழெட்டுத் தமிழ்ச் சொற்களில்
ஆகப் பெரியதை எடுத்துச் சொன்னார்:
"வெற்றி."

சனிக்கிழமை
திரையில் நாயகன் நான்காம் முறையாக
ஒரு ஹெலிகாப்டரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தான்.
ஊரில் நான்காம் கட்ட மின்வெட்டு.
கயிறு பாதியில் நின்றது.
ஜெனரேட்டர் மூன்று தரம் இருமி
டீசல் விலையை நினைத்தோ என்னவோ
படுத்துவிட்டது.

நானூறு கோடிப் படம், நூற்றறுபது நிமிடம்:
நிமிடத்துக்கு இரண்டரைக் கோடி.
ஓடாமல் போனது நாற்பது நிமிடம்.
ஆக, டர்பனில் ஒரு சனிக்கிழமை
நூறு கோடியை இருட்டில் தொலைத்தவன் நான்.
டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தேன், கை விளக்கில்,
நோட்டு நோட்டாக.
சில்லறை தீர்ந்த இடத்தில்
நொம்வூலா பாப்கார்ன் நீட்டிச் சமாளித்தாள்.

ஞாயிறு இரவு சென்னையிலிருந்து போன்.
"ரவுண்டா ஒரு நம்பர் சொல்லுங்க சார்."
மூன்று நாள், ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து டிக்கெட்,
ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்து நானூறு ரேண்ட் என்றேன்.
"ரூபாயில?"
ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.
அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம். பிறகு
"அவ்ளோதானா?"

ஒரு மணி நேரத்தில் போஸ்டர் வந்தது.
நாயகனின் முஷ்டி, அதன் கீழே
'தென்னாப்பிரிக்காவை அதிரவைத்த வசூல்'.
எண் இருக்கவேண்டிய இடத்தில்
மூன்று ஆச்சரியக்குறிகள்.

என் தாளில் ஆச்சரியக்குறிக்குக் கட்டம் இல்லை.
மார்ச்சில் அனுப்பிய முன்பணம்: இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
வரி. டீசல். பூட்டைத் திறக்கும் சாவிக்குத் தனிக் கட்டணம்;
படம் ஒரு பெட்டிக்குள் வருகிறது,
சாவியின் தேதி முடிந்தால்
எத்தனை பேரை அடித்தவனும் அதற்குள் வெறும் இரும்பு.
எட்டு ரேண்ட் சோளம் நாற்பத்தைந்துக்குப் போகிறது.
இந்தக் கட்டடத்தைத் தாங்குவது முஷ்டி அல்ல,
நொம்வூலாவின் உப்பு டப்பா.
அவள் உச்சக்கட்டத்தைப் பார்த்திருக்கிறாள்,
ஏழேழு நிமிடத் துண்டுகளாக, கதவிடுக்கில்.
வில்லன் ஏன் கெட்டவன் என்று இன்னும் தெரியாது.

இங்கே சிரிப்பு முன்கூட்டியே வரும்.
கீழே ஓடும் ஆங்கில வரியைப் படித்துவிட்டு,
நாயகன் வாய் திறக்கும் முன்பே சிரித்து முடிப்பார்கள்.
காதால் கேட்டுச் சிரிப்பவன் நான் ஒருவன்.
அரை நொடி பிந்தி, தனியாக,
விருதுநகர்ச் சிரிப்பு.
ஆரம்பத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.
இப்போது இருமலாக மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

திங்கள் மாலைக் காட்சி. பதினோரு பேர்.
முதலாளி வரவில்லை.
ஏசியை நிறுத்தச் சொல்லி ஆளனுப்பினார்.
கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன்.
காவல் நிலையக் காட்சி, அந்த வசனம்.
பதின்மரோ எத்தனை பேரோ, முன்கூட்டிச் சிரித்து ஓய்ந்தார்கள்.
நாயகன் சொல்லி முடித்தான்.
நான் இருமத் தயாரானேன்.

இடப்பக்கம் எங்கோ, பிந்தி,
இன்னொரு சிரிப்பு.

விளக்கு வந்ததும் பார்த்தேன்.
பதினோரு பேரும் எழுந்து
சட்டையில் ஒட்டிய சோளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
திரையில் 'ஐந்தாம் பாகத்தில் சந்திப்போம்'.
யாரென்று தெரியவில்லை.
கேட்கவும் இல்லை.

பதினொன்று பெருக்கல் நூற்றிருபது:
ஆயிரத்து முந்நூற்று இருபது.
எழுதினேன். தேதி போட்டேன்.
ஐந்தாம் பாகத்துக்கு முன்பணம் எவ்வளவு என்று
கோவெண்டர் கேட்டு அனுப்பியிருந்தார்.
வேண்டாம் என்று பாதி எழுதி
அழித்தேன்.